பாடம் மாறிப் போனவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரயிலில் ஏறி, சன்னலோரம் இடம் பிடித்து, கட்டுச்சோற்றையும் தின்று முடித்த பிறகு, எதிர்த் திசையில் போகும் ரயிலைக் காட்டி, "நான் ஏற வேண்டியது அது" என்று பெருமூச்சு விடுகிறவர்கள். காலேஜில் எடுத்த பாடம் தப்பு. அதனால் கிடைத்த வேலை தப்பு, வேலையால் வந்த ஊர் தப்பு, ஊரில் குடியிருக்கும் மாடி தப்பு. காலைக் காப்பியில் சர்க்கரை குறைந்ததைக்கூட விசாரித்துக்கொண்டே போனால், கடைசியில் அந்தப் பாடத்தில்தான் வந்து நிற்கும். பாடம் மாறிப் போனவர்கள் என்று இவர்களை அழைக்கலாம்.

புனேயை ஒட்டிய நிக்டியில் குடியிருந்த ஜம்புநாதன் இந்த இனத்தில் முதல் வகுப்பு. சொந்த ஊர் மாயவரம். பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் ஆபீசர். 1968இல் அவருடைய அப்பா, பையனை டாக்டராக்கும் யோசனையில் விலங்கியல் வகுப்பில் தள்ளிவிட்டார். டாக்டர் சீட் கிடைக்கவில்லை. தவளை மட்டும் கிடைத்தது. தனக்கு அப்போதே சட்டம் படிக்கத்தான் ஆசை என்பார் ஜம்புநாதன். அந்த ஆசை அப்போதே இருந்ததா, பின்னால் முளைத்ததா என்று சொல்ல இன்று சாட்சி யாரும் இல்லை.

சாட்சி இல்லாவிட்டால் வழக்கு நின்றுவிடுமா? பஸ்ஸில் கண்டக்டர் "சுட்டே பைசே த்யா" என்று சில்லறை கேட்டு முறைத்தால், "நான் மட்டும் லா படிச்சிருந்தா இவனைக் கேள்வி கேட்டே இறக்கி விட்டிருப்பேன்." பால் பாக்கெட் ஒழுகினால், மாடி வீட்டுத் தொட்டி வழிந்தால், மச்சினன் கல்யாணப் பத்திரிகையில் இவர் பெயர் மூன்றாவதாக வந்தால், எல்லாவற்றுக்கும் அதே வசனம். மனைவி நீலா கல்யாணமான புதிதில் எண்ணிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். அவளும் பி.ஏ. பொருளாதாரம் படித்தவள்தான். அதில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்க நினைத்தவர்கள் இருந்திருந்தாலும், அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்திருக்கும்.

1997 ஜூனில் வந்தது ஆபத்து, பக்கத்து வீட்டு இருதயராஜ் உருவத்தில். திருச்சிக்காரர், போசரியில் ஒரு பட்டறையில் ஃபோர்மேன். எந்த மெஷின் முனகினாலும் உடனே ஸ்பேனரை எடுக்கிற மனிதர்.

"ஜம்பு சார், பாரம் வாங்கியாந்துட்டேன்."

"என்ன பாரம்?"

"லா காலேஜ் பாரம். சிவாஜி நகர்ல. சாயங்காலம் ஆறு மணி கிளாஸ். வயசு பாக்கறதில்லையாம். எந்த டிகிரியா இருந்தாலும் சேத்துக்கறாங்களாம்."

"எந்த டிகிரியுமா?"

"ஆமா சார்."

"ஜூவாலஜிகூடவா?"

"அதுவும் டிகிரிதானே சார்?"

இருபத்தொன்பது வருஷமாக ஒருத்தியை நினைத்து உருகியவனிடம், அவளையே அழைத்துவந்து நிறுத்தி, முகூர்த்தம் நாளைக்கு என்றால் எப்படி விழிப்பான்? ஜம்புநாதன் அப்படி விழித்தார். மார்க் ஷீட் தொலைந்துவிட்டது என்றார். நீலா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தாள். மராத்தி வராதே என்றார். கிளாஸ் இங்கிலீஷில்தான் என்றார் இருதயராஜ். போட்டோ இல்லை என்றார். பன்னிரண்டாவது படிக்கும் மகள் சஹானா, "அப்பா, ஸ்டுடியோ கீழேயே இருக்கு, சலோ" என்று கையைப் பிடித்து இழுத்தாள். சாக்குகள் தீர்ந்தன. சேர்ந்துவிட்டார்.

முதல் நாள் கிளம்பும்போது செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டு நின்றவர், மெல்லக் கேட்டார்.

"நீலா, இதுலயும் நான் தேறலேன்னா?"

"தேறலேன்னா என்ன?"

"அப்புறம் சொல்லிக்கறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

நீலாவுக்கு அதுவரை உள்ளுக்குள் இருந்த சிரிப்பு சட்டென்று நின்றுபோனது. "குடை எடுத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

சட்டம் என்றால் எழுந்து நின்று முழங்குவது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அது உட்கார்ந்து படிப்பது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒப்பந்தச் சட்டப் புத்தகம் தலையணை கனம். அவருக்கு அது தலையணையாகவும் ஆனது. கடைசி பெஞ்சில் அவர் தூங்கினால், மகன் வயதுப் பையன்கள், "அங்கிள், அட்டெண்டன்ஸ்!" என்று எழுப்பிவிடுவார்கள். வீட்டில் இதில் எதையும் அவர் சொல்லவில்லை. வேறு எதையும்கூடச் சொல்லவில்லை. கண்டக்டர் முறைத்தால் பேசாமல் சில்லறை கொடுத்தார். பால் ஒழுகினால் துடைத்தார். வீடு அமைதியானது. அந்த அமைதி நீலாவுக்குப் பிடிக்கவில்லை. ஜுரம் வந்த குழந்தை விளையாடாமல் படுத்திருப்பதைப் போல இருந்தது. மகள் விஷயத்தில் மட்டும் ஒருமுறை வாயைத் திறந்தார்: "சஹானா லாதான் படிக்கணும். அஞ்சு வருஷக் கோர்ஸ்."

ஏப்ரலில் பரீட்சை. ஒருவருக்கு நேர்ந்த தீங்குக்கு யார் நஷ்ட ஈடு தருவது என்று பேசும் தீங்கியல் தாள் எழுதிய அன்று மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"நீலா! என்ன கேள்வி தெரியுமா? ஒருத்தன் வளர்த்த குரங்கு சங்கிலிய அறுத்துக்கிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரனைக் கடிச்சிருச்சு. யார் பொறுப்பு?"

"என்ன எழுதினீங்க?"

"நாலு பக்கம்! குரங்கு பல்லைக் காட்டினா சிரிப்புன்னு நினைக்கறான் அந்தப் பக்கத்து வீட்டு முட்டாப்பய. அது எச்சரிக்கை! கண்ணுக்கு நேரா உத்துப் பாத்தா சண்டைக்குக் கூப்பிடறதா அர்த்தம். இவன் பாத்திருக்கான். கோரைப்பல் எத்தனை நீளம்னு படம் போட்டுக் காட்டிட்டேன். குரங்கு மேல ஒரு தப்பும் இல்ல!"

"குரங்கை யாருங்க கேட்டா? சொந்தக்காரனைப் பத்தி எழுதினீங்களா?"

அவர் யோசித்தார். "நேரமில்லை" என்றார். ஆனால் முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் நீலா அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

ஜூனில் ரிசல்ட். எல்லாத் தாளிலும் தோல்வி. குரங்குத் தாளில் இருபத்திரண்டு. அதே வாரம் சஹானாவின் காலேஜ் பாரமும் மேஜைக்கு வந்தது. பேனாவைத் திறந்தவர், பாடம் எழுதும் இடத்தில் நின்றார். மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கு எதுதான் பிடிக்கும்?"

"ஜியாலஜி, அப்பா."

"கல்லா?"

"ஹாங், கல்லுதான்."

"அதுல என்ன வேலை கிடைக்கும்?"

"தெரியாது. பாக்கறதுக்குப் பிடிக்குது."

நீலா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அவர் ஒரு சொல் சொன்னால் பெண்ணின் ஐந்து வருஷம் சட்டத்தின் பக்கம் திரும்பிவிடும். அவர் ஜியாலஜி என்று எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு இருதயராஜ் காப்பிக்கு வந்தார். சுவரில் பல்லி ஒன்று பூச்சியைக் கவ்வியது. ஜம்புநாதன் அது சுவரில் எப்படி ஒட்டுகிறது என்று பத்து நிமிஷம் விளக்கினார். பிறகு நெடுமூச்சு விட்டார்.

"நான் மட்டும் எம்.எஸ்ஸி. ஜூவாலஜி முடிச்சிருந்தா..."

இருதயராஜ் நிமிர்ந்தார். கண்கள் மின்னின. "சார், தபால்லயே..."

"அண்ணே, காப்பி ஆறுது" என்றாள் நீலா.

அவர் கிளம்பியபோது வாசல்வரை கூடப் போய், பின்னால் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அந்த பாரத்தை மட்டும் வாங்கியாராதீங்கண்ணே."

"ஏம்மா? சாருக்கு அவ்வளவு ஆசை இருக்கே?"

"வருஷம் பூரா வீட்டுல பேச்சு மூச்சு இல்லண்ணே. இப்பத்தான் மனுஷன் வாயைத் திறந்திருக்காரு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போகும்முன் ஒரு சின்னக் கேள்வி: நீங்கள் என்ன படித்தீர்கள்? பி.காமா, பி.ஈ.யா, தமிழா? பாடத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள முடிகிறதா, அல்லது 'ஆனா' என்று ஒரு வார்த்தை பின்னாலேயே வருகிறதா?

வந்துவிட்டதா? கூச்சப்படாதீர்கள். இப்படி வந்து உட்காருங்கள். ஜம்புநாதனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.