கோலப்பொடியில் ஒரு காவிரி

உலகத்தில் சாலை என்று எதுவுமே கிடையாது என்று நம்புகிற ஒரே மனிதர் எங்கள் மதகு அண்ணன்தான். ஆறு உண்டு, வாய்க்கால் உண்டு, அதற்குக் கரை உண்டு. கரைமேல் யாரோ வேலை இல்லாதவர்கள் தார் ஊற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆளிடம், நான்கு மாநிலங்களைத் தொட்டுவரும் ஒரு வாரச் சைக்கிள் பயணத்துக்கு வழி போடும் வேலையை ஒப்படைத்த புத்திசாலி யார் என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். எனக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு.

தஞ்சாவூரில் நானும் அவரும் ஒரே இன்சூரன்ஸ் ஆபீஸ். அவருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கிறது. அதை அவர் மனைவியே மறந்திருப்பார். புதிதாக வந்த மேனேஜர் ஒருநாள் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு வழி கேட்டார். "புதாத்தை, அதான் அந்தப் பெரிய வாய்க்காலை, தாண்டுங்க சார். தாண்டினதும் வலது கைப்பக்கம் ஒரு மதகு, அதை விடுங்க. அடுத்த மதகை விடாதீங்க" என்றார் நம்மவர். மேனேஜர் விடவில்லை. முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தவர், "அந்த மதகு எங்கய்யா?" என்று கத்தினார். அன்றைக்கு நிலைத்த பெயர்.

எனக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். நான் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். என் மனைவி விஜயா அதில் துண்டு காயப்போட்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மதகு அண்ணன் அதைப் பார்க்கும்வரை.

"சார், ஒரு வாரம் போதும். தலைக்காவிரியில ஏறி உக்கார்றோம். கடல்ல வந்து இறங்குறோம்" என்றார் டீக்கடையில்.

வாயில் பஜ்ஜி இருந்தது. "போலாம்ணே" என்றேன். எங்கள் ஊரில் "போலாம்" என்றால், இந்தப் பேச்சை இத்தோடு விடலாம் என்று அர்த்தம். இது தெரியாத ஒரே தஞ்சாவூர்க்காரர் மறுநாள் காலை எங்கள் இருவருக்கும் சேர்த்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு எந்த விடுப்புக்கும் ஆயிரம் கேள்வி கேட்கும் மேனேஜர், இதற்கு மட்டும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு, "அவசரமில்ல, மெதுவாவே வாங்க" என்றார். அந்த மதகை அவர் மறக்கவில்லை.

ஆனால் அண்ணன் இதில் விளையாட்டாக இறங்கவில்லை. அவர் நிலம் கும்பகோணம் தாண்டி, குத்தாலத்துக்கும் கிழக்கே, வாய்க்கால் தீர்ந்துபோகிற இடத்தில் இருக்கிறது. கடைமடை. ஊரெல்லாம் குடித்து முடித்த பிறகு பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி வந்து சேரும் இடம்.

"எல்லாரும் குளிச்சு, மாட்டைக் குளிப்பாட்டி, மோட்டார் போட்டு உறிஞ்சி, மிச்சம் மீதிதான் சார் எங்களுக்கு. வந்தா உண்டு, வராட்டி இல்ல. அது கிளம்புற எடத்துல எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்ல. மேட்டூர்ல கதவு தூக்குற அன்னிக்கு நாம அங்க நிக்கணும். அங்கேருந்து அது கூடவே என் வயலு வரைக்கும் வரணும். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை சார்."

இதைக் கேட்டு என் கண் கலங்கியிருக்க வேண்டும். லீவை ரத்து செய்ய என்ன காரணம் எழுதலாம் என்றுதான் யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் விஜயாவின் குரல் கேட்டது. "என்னங்க, இவ்வளவு நீளப் பாம்பை யாரு வாசல்ல விட்டது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜன்னல் விளிம்பில் இருந்த கோலப்பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மதகு அண்ணன் குனிந்து நின்றார். வேப்பமரத்தடியில் தொடங்கி வாசல் சாக்கடைவரை ஒரு வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து ஓடியது.

"பாம்பு இல்ல தங்கச்சி, காவிரி."

"காவிரி எதுக்குண்ணே என் செருப்பு மேல போவுது?"

"அது பவானி. வந்து சேருது."

வேப்பமரம் தலைக்காவிரி. செப்டிக் டேங்க் மூடி மேட்டூர் அணை. சாக்கடை வங்காள விரிகுடா. மாநில எல்லைகளைக் காவிப் பொடியில் போட்டிருந்தார். என் கியர் சைக்கிள் நின்ற இடம் கேரளா. "தலச்சேரியில ரயிலை விட்டு இறங்குறோம்" என்று தொடங்கும்போதே பால்காரர் டி.வி.எஸ். வண்டியில் வந்து மேட்டூர் அணையை உடைத்துக்கொண்டு உள்ளே நின்றார். அண்ணனுக்கு வந்ததே கோபம்! "யோவ், கண்ணு தெரியல? மாநில எல்லையில பிரேக்கு போட மாட்டியா?" பால்காரர் பாவம், அன்றிலிருந்து தெருமுனையிலேயே இறங்கிப் பாலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எனக்கும் கோபம் வரத்தான் செய்தது. கைபேசி எதற்கு இருக்கிறது? அதைத் திறந்து வழி கேட்டேன். நீலக்கோடு ஒன்று சாலை சாலையாகப் போனது. உள்ளே இருந்த பெண்மணி, நேராகப் போகவும் என்றார்.

"யாரு சார் இந்தப் பொம்பள? ஆத்தைக் கண்ணால பார்த்திருக்காளா? அது தெக்க போவுது, இவ வடக்க கூட்டிட்டுப் போறா!"

"அதுதான்ணே குறுக்கு வழி."

"தண்ணி குறுக்கு வழியில வந்திருந்தா நமக்கு இந்த ஊரே கிடைச்சிருக்காது சார்" என்றார். நான் அந்தப் பெண்மணியின் குரலை அணைத்தேன்.

அதே கைபேசி இன்னொரு விஷயத்தையும் காட்டியது. கடற்கரையிலிருந்து தலைக்காவிரிக்கு ஏறும் பாதையின் மேடு பள்ளப் படம். என் இ.சி.ஜி.கூட அப்படி இருந்ததில்லை. இருந்திருந்தால் என்னைப் படுக்கையோடு தூக்கிப் போயிருப்பார்கள். அண்ணனிடம் காட்டினேன்.

அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தார். "தப்பா இருக்கும் சார். தஞ்சாவூருக்கும் சீர்காழிக்கும் உள்ள தூரந்தானே? அதுக்குள்ள எப்படி இவ்வளவு ஒசரம் வரும்?"

இதுதான் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய வியாதி. எங்கள் ஜில்லாவில் மேடு என்றால் வரப்பு. கொஞ்சம் பெரிய மேடு என்றால் ஆற்றங்கரை. மலை என்பது காலண்டரில் இருக்கும். தண்ணீர் ஏறாத இடம் மேடு, அதை மண்வெட்டியால் வெட்டிவிட்டால் மேடு தீர்ந்தது. இவ்வளவுதான் அண்ணன் படித்த பூகோளம். அவர் வைத்திருந்ததோ கியரே இல்லாத கறுப்பு சைக்கிள். கியர் பற்றிக் கேட்டதற்கு, "எனக்குத்தான் ரெண்டு காலு இருக்கே" என்றார்.

ஆனாலும் பயிற்சி வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். தஞ்சாவூரில் மலைக்கு எங்கே போவது? ரயில்வே மேம்பாலத்துக்குப் போனோம். ஏறினோம், இறங்கினோம், திரும்ப ஏறினோம். கீழே நின்ற டிராபிக் போலீஸ்காரர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், ஏதாச்சும் கீழ போட்டுட்டீங்களா? நானும் சேர்ந்து தேடவா?" என்று கேட்டார். நான் போட்டது மூச்சு. தேடித் தர முடியுமா என்று கேட்க என்னிடம் அந்த மூச்சும் இல்லை.

தங்குமிடம் பற்றிக் கேட்டேன். கோலப்பொடியில் நதியோரமாகவே புள்ளி வைத்துக்கொண்டு போனார்.

"இங்க லாட்ஜு இருக்காண்ணே?"

"கரை இருக்கு."

"கரையில யானை வருமாம்ணே!"

"அது தண்ணி குடிக்க வருது. குடிச்சிட்டுப் போயிடும். உங்கள மாதிரி உக்காந்து கேள்வியா கேக்கப் போவுது?"

கடைசி நாள் கோடு பூம்புகாரில் நிற்காமல் காரைக்கால் பக்கம் திரும்பியது. அதுதான் நான்காவது மாநிலமாம். "அது மாநிலம் இல்லண்ணே, யூனியன் பிரதேசம்" என்றேன், இதிலாவது ஜெயிக்க வேண்டும் என்று.

"பெட்ரோல் விலை மாறுதா இல்லையா? மாறுதுல்ல? அப்ப மாநிலந்தான்."

தப்பிக்க நான் செய்யாத தந்திரம் இல்லை. முழங்கால் வலி என்றேன். எண்ணெய் கொண்டுவந்து அவரே தேய்த்துவிட்டார். தேய்த்ததில் உண்மையிலேயே வலி வந்தது. தூரத்துச் சொந்தக்காரர்கள் சிலரின் உடல்நிலையைத் தினமும் போன் போட்டு விசாரிக்க ஆரம்பித்தேன். எனக்கு இவ்வளவு பாசமா என்று அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். ஒருவராவது லேசாகப் படுக்க வேண்டாமா? எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். ராத்திரி சாப்பாட்டில் நான் கை பிசைவதைப் பார்த்து விஜயா, "பயமா இருந்தா அவருகிட்ட நேரா சொல்லிடுங்களேன்" என்றாள். பயமா? எனக்கா? அடுத்த நாளே போய் ஹெல்மெட் வாங்கினேன். என் வாயை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. அணையில் தண்ணீர் நிறைய இருப்பதால் வழக்கமான நாளுக்கு முன்னதாகவே மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் கேரளாவில் மலை ஏறிக்கொண்டிருக்கும் வாரத்தில் தண்ணீர் குத்தாலத்துக்கு வந்துவிடும். வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சல். நம் முறை வரும்போது மடையருகே நாம் நிற்காவிட்டால், மேலே இருக்கிறவர் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். அப்புறம் நாற்றங்காலாவது, குறுவையாவது. அண்ணன் எங்கேயும் போக முடியாது.

எனக்கு வந்த ஆனந்தத்தை எழுத்தில் வடிக்க முடியாது. ஹெல்மெட்டைப் பரணில் போட்டேன். விஜயாவைக் கேசரி செய்யச் சொன்னேன். சாயங்காலம் வாசலுக்கு வந்தால், மதகு அண்ணன் எங்கள் வீட்டுத் துடைப்பத்தால் கேரளாவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கேரளா முடிந்தது, கர்நாடகாவுக்கு வந்தார். மேட்டூர் மூடியருகே வந்ததும் துடைப்பம் நின்றுவிட்டது.

உலகத்திலேயே நான் வெறுப்பது, வாயாடி ஒருவர் வாயை மூடிக்கொண்டு நிற்பதைத்தான். அது நம்மை ஏதாவது உளற வைத்துவிடும். உளறினேன்.

"ஏண்ணே, தண்ணிதான் நம்மளப் பார்த்து வருதுல்ல? நாம எதிர்ல போய்க் கூட்டிட்டு வந்தா என்னா?"

துடைப்பம் கீழே விழுந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். தாமதமாகிவிட்டது.

அப்படித்தான் எங்கள் பல மாநிலச் சைக்கிள் பயணம் காரைக்காலில் ஒரு டீ குடித்து, அதை முதல் மாநிலமாகக் கணக்கு வைத்துத் தொடங்கியது. அங்கிருந்து தமிழ்நாடு இரண்டாவது மாநிலம். ஆற்றங்கரையோடு மேற்கே மிதித்தோம். டெல்டாவில் மலை இல்லை என்று இவ்வளவு நேரம் நான் எழுதியதை அழித்துவிடுங்கள். மேற்கேயிருந்து எதிரில் வீசும் வைகாசி மாத மேல்காற்று இருக்கிறதே, அதுதான் எங்கள் மலை. அதற்கு இறக்கமும் கிடையாது. மிதித்தால் நின்ற இடத்தில் நிற்கிறோம். நிறுத்தினால் காரைக்காலுக்கே திரும்பிப் போகிறோம்.

"நான் போட்ட வழியில வந்திருந்தா இந்தக் காத்து முதுகுல தள்ளியிருக்கும் சார்" என்றார் அண்ணன், மூச்சு வாங்காமல். "எதிர்ல போலாம்னது யாரு?"

அவரைச் சைக்கிளோடு ஆற்றில் தள்ளியிருப்பேன். ஆற்றில் வெறும் மணல்தான் இருந்தது.

கும்பகோணம், பாபநாசம், திருவையாறு. ஒவ்வொரு பாலத்திலும் எட்டிப் பார்ப்பார்; மணல். "வருதா?" என்று எதிரில் வருகிற லாரிக்காரர்களைக் கேட்பார். திருக்காட்டுப்பள்ளிக்குக் கொஞ்சம் கிழக்கே போனபோது அவர் சைக்கிள் தானாக நின்றது.

ஆற்று மணலில் முதலில் ஓர் ஒற்றைச் செருப்பு வந்தது. பிறகு நுரையும் சருகும் இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலும். அதற்குப் பின்னால், மணலைக் குடித்துக்கொண்டு, ஒரு பள்ளத்தை நிரப்பி, யோசித்து, அடுத்த பள்ளத்துக்கு நகர்ந்து, தண்ணீர் வந்தது. அண்ணன் கரையிலிருந்து இறங்கி அதன் எதிரில் போய் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வா, வா. இப்பதான் வழி தெரிஞ்சுதா? எவன் எவன் புடிச்சு வச்சான் உன்ன?" என்று உரக்கத் திட்டினார். அது அவர் கணுக்காலை நனைத்தது. அவர் குரல் இறங்கியது. "மேல எல்லாம் எப்படி இருக்கு?"

குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சொல்ல மாட்டேங்குது சார்."

அதன்பின் லீவு முடியும்வரை நாங்கள் சைக்கிள் ஓட்டவில்லை. தண்ணீர் நடந்து வந்தது. நாங்களும் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தோம். தடுப்பணையில் அது தேங்கினால் நாங்களும் உட்கார்ந்தோம். அது ஒரு வாய்க்காலுக்குள் பிரிந்து போனால், வழியில் இறங்கிக்கொள்ளும் சொந்தக்காரரை வழியனுப்புவதுபோல் அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் திட்டிக்கொண்டே வந்தேன். கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற முட்டாளைப் பார்த்து ஊர் சிரித்தது.

கடைசி வாய்க்காலின் கடைசி மடையில் மண்வெட்டி போட்டார் அண்ணன். தண்ணீர் தயங்கி, அவர் வயலுக்குள் ஒரு விரல் நீட்டியது. வெடித்துக் கிடந்த மண்ணைப் பார்த்து, வீட்டுக்குள் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, "கூட்டியாந்துட்டேன்" என்றார். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இவ்வளவோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "மேல எப்படி இருக்குன்னு அது சொல்லலல்ல? நாமளே போய்ப் பார்த்துட வேண்டியதுதான் சார்" என்று போன வாரம் மறுபடி வந்து வேப்பமரத்தடியிலிருந்து கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனிதனுக்கு மனசாட்சி வேண்டாமா? என் முழங்கால் என்ன அரசாங்கச் சொத்தா?

இன்று காலை விஜயா வாசல் பெருக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் பெருக்கினாள். அந்த வெள்ளைக் கோட்டின்மேல் மட்டும் துடைப்பம் படவில்லை. நான் பரணிலிருந்து ஹெல்மெட்டை இறக்கித் தூசி தட்டிவிட்டு, இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்து வைத்தேன்.