ஸ்டெல்லா அக்காவோட நெல்லும் என்னோட லீடர்ஷிப் டிரெய்னிங்கும்

சனிக்கிழமை மதியம் மூணு மணிக்கு சபை வாலண்டியர்களுக்கு ஒரு மீட்டிங் வைக்கணும். ரெண்டு மணி நேரம். அவ்வளவுதான் வேலை.

புதுசா படிக்கிறவங்களுக்காக: நான் குத்தாலம் பக்கத்துல ஒரு சின்ன சபைக்கு பாஸ்டர். சென்னையில பொறந்து வளர்ந்தவன். இங்க வந்து எட்டு மாசம்தான் ஆகுது. நெல்லு எனக்கு அரிசியா ஆனப்புறம்தான் பழக்கம்.

போன மாசம் போதகர்களுக்கான லீடர்ஷிப் செமினார் ஒண்ணுக்கு மூணு நாள் போயிட்டு வந்தேன். ஃபைல், பேனா, கழுத்துல மாட்ட பேட்ஜ் எல்லாம் குடுத்தாங்க. திரும்பி வரும்போது பஸ் கண்டக்டர்கிட்டயே “உங்க விஷன் என்ன?”ன்னு கேக்குற நிலைமையில இருந்தேன். நல்லவேளை, டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கிட்டேன்.

வந்த கையோட வாலண்டியர்கள் பன்னெண்டு பேருக்கும் நானே போன் போட்டேன்.

“சனிக்கிழமை மூணு மணிக்கு டிரெய்னிங். கண்டிப்பா வந்துடுங்க.”

“சரிங்க பாஸ்டர்.”

பன்னெண்டு பேரும் இதே பதில். ஒருத்தர்கூட இழுக்கல. பேருக்கு நேரா டிக் போட்டுக்கிட்டே வந்தேன். என்ன ஒரு ஒழுங்கு, என்ன ஒரு சபைன்னு எனக்கு நெஞ்சே விரிஞ்சு போச்சு.

என் மனைவி ஜாய்ஸ் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டா. “என்னங்க, குறுவை அறுப்பு நேரத்துல கூப்பிடுறீங்களே, வருவாங்களா?”

“பன்னெண்டு பேரும் சரின்னுட்டாங்க!”

“பாஸ்டரே போன் பண்ணி வாங்கன்னா, வேற என்ன சொல்லுவாங்க?”

இதுக்கு செமினார் ஃபைல்ல பதில் இல்ல. அதனால நான் காதுல போட்டுக்கல.

மேடைக்குப் பின்னாடி கட்ட ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சேன். பத்தடிக்கு எட்டடி. ‘தலைவனாய் எழும்பு!’ன்னு எழுத்து. பக்கத்துல என் போட்டோ. எழுத்தை விட போட்டோ பெருசு. கடைக்காரர்கிட்ட சின்னதாதான் போடச் சொன்னேன். ஆனா ஒரு தடவைதான் சொன்னேன்.

நாப்பது மெதுவடையும் ஆர்டர் பண்ணியாச்சு.

மூணு மணி ஆச்சு. சபையில நானும் சாமுவேல் அண்ணனும்தான் இருந்தோம். சாமுவேல் அண்ணன் எங்க சபைப் பணியாளர். கதவு திறக்குறதுல இருந்து மைக் கட்டுறது வரைக்கும் எல்லாம் அவர்தான்.

மூணு பத்துக்கு மெதுவா கிட்ட வந்தாரு. “பாஸ்டர், ஆறு ஃபேனும் ஓடணுமா? இல்ல உங்க தலைக்கு மேல இருக்கிறது மட்டும் போதுமா?”

மானம் போச்சு!

மூணே கால் மணிக்கு ஸ்டெல்லா அக்கா ஸ்கூட்டர்ல வந்து இறங்குனாங்க. பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பள்ளி எல்லாத்துக்கும் அவங்கதான். அவங்களுக்கு மட்டும் நான் ரெண்டாவது தடவையும் போன் பண்ணியிருந்தேன். “அக்கா, நீங்கதான் எல்லாருக்கும் முன்மாதிரி. நீங்களே வரலைன்னா எப்படி?”ன்னு ஒரு போடு போட்டிருந்தேன். அதான் வந்துட்டாங்க.

ஒரே ஆளுன்னாலும் கிளாஸ் கிளாஸ்தானே! புரொஜெக்டரைப் போட்டேன். முதல் ஸ்லைடு: ‘நல்ல தலைவன் முதலில் காது கொடுத்துக் கேட்பான்.’

“பாஸ்டர்,”ன்னாங்க அக்கா. “மேக்கால கருத்துக்கிட்டு வருது.”

“அக்கா, கேள்வியெல்லாம் கடைசில.”

அஞ்சு நிமிஷம் போச்சு. “பாஸ்டர், காத்து மாறிடுச்சு.”

“சாமுவேலண்ணே, அந்த ஜன்னலைச் சாத்துங்க. அக்காவுக்கு கவனம் சிதறுது.”

இன்னும் கொஞ்ச நேரம் போச்சு. அக்கா கைப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பாதி எந்திரிச்சே நிக்கிறாங்க. “பாஸ்டர், நான் ஒரு அஞ்சு நிமிஷம்...”

“உக்காருங்கக்கா, இதான் முக்கியமான பாயிண்ட்! கேக்குறதுன்னா வெறும் காதால கேக்குறது இல்ல. எதிர்ல இருக்கிறவங்க முகத்தைப் பார்த்து, அவங்க வாயால சொல்லாததையும் கேக்கணும்!”

டமார்னு ஒரு இடி. கரண்ட் போச்சு. ஸ்லைடும் போச்சு.

“பாஸ்டர், என் நெல்லு ரோட்டுல கெடக்கு!”

அப்பதான் அவங்க முகத்தைப் பார்த்தேன். அழுதுடுவாங்க போல இருந்துச்சு.

விஷயம் இதுதான். அறுப்பு மெஷின் அவங்க வயலுக்கு வெள்ளிக்கிழமைதான் வந்திருக்கு. அறுத்த நெல்லை வாய்க்கால் ரோட்டுல காயப் போட்டிருக்காங்க. திங்கக்கிழமை கொள்முதல் நிலையத்துல அவங்க முறை. நனைஞ்சா ஈரம்னு திருப்பி அனுப்பிடுவாங்க. திருப்பிக் கொண்டாந்து போட்டு வச்சா முளைச்சிடும். வீட்டுக்காரர் குவைத்துல இருக்காரு. நடவுல இருந்து அறுப்பு வரைக்கும் நாலு மாசம் தனியாளா பார்த்த வெள்ளாமை.

“போன்லயே சொல்லியிருக்கலாமேக்கா!”

“வர முடியுமான்னு நீங்க கேக்கலையே பாஸ்டர். வந்துடுங்கன்னுதானே சொன்னீங்க?”

ஒரு பொம்பளையோட நாலு மாசப் பாடு, என் ஸ்லைடுக்காக தண்ணியில போகப்போகுது.

“படுதா இருக்காக்கா?”

“ஒண்ணுதான் இருக்கு, பாதிக்குத்தான் வரும். மத்தவங்களும் அவங்கவங்க நெல்லை மூடணும்ல. யார்கிட்ட போய் கேக்குறது?”

நான் யோசிக்க ஆரம்பிச்சேன். அதுக்குள்ள சாமுவேல் அண்ணன் ஸ்டூல் மேல ஏறி ஃப்ளெக்ஸை அவுத்துக்கிட்டு இருந்தாரு. அவரு எந்த செமினாருக்கும் போனதில்ல.

அக்கா ஸ்கூட்டர்ல பறந்தாங்க. பின்னாடியே நான் பைக்ல. எனக்குப் பின்னாடி ஃப்ளெக்ஸைச் சுருட்டித் தோள்ல வச்சுக்கிட்டு சாமுவேல் அண்ணன்.

வாய்க்கால் ரோட்டுல திரும்புனா, கண்ணுக்கெட்டுற வரைக்கும் நெல்லு. நெல்லுக்கு நடுவுல என் வாலண்டியர்கள் மீதி பதினோரு பேரும் இருக்காங்க! ஆளுக்கொரு பலகையை வச்சு அவங்கவங்க நெல்லைத் தள்ளிக் குவிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்க்கல.

பாடகர் குழு லீடர் செல்வராஜ் அண்ணன் மட்டும் தலையைச் சொறிஞ்சாரு. “வரலாம்னுதான் இருந்தோம் பாஸ்டர்...”

சரி, இதான் தலைவனுக்கு வேளைன்னு நெனைச்சு ரோட்டு நடுவுல நின்னு கையைத் தட்டினேன். “எல்லாரும் ஒரு நிமிஷம் கவனிங்க! மூணு டீமா பிரிஞ்சுக்குவோம்...”

“வாயை மூடிக்கிட்டு பலகையைப் புடிங்க பாஸ்டர்!”

ஸ்டெல்லா அக்காதான். சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. நான் பலகையைப் புடிச்சிட்டேன்.

மூச்சைப் புடிச்சு ஒரு தள்ளு தள்ளினேன் பாருங்க!

“ஐயோ பாஸ்டர், இந்தப் பக்கம்! நீங்க வாய்க்காலுக்குத் தள்ளுறீங்க!”

கொஞ்சம் நெல்லு மீனுக்குப் போச்சு. பதறித் திரும்புனதுல கால் வழுக்கி, குவியல் மேலயே குப்புற விழுந்தேன். நெல்லுச் சுணை சட்டைக்குள்ள போனா எப்படி அரிக்கும்னு சென்னையில எனக்கு யாரும் சொல்லித் தரல. அதுக்கப்புறம் ரெண்டு நாள் நானே படிச்சுக்கிட்டேன்.

தூறல் விழ ஆரம்பிச்சிடுச்சு. எங்க மூணு பேரால முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. அப்ப செல்வராஜ் அண்ணன் தன் நெல்லை மூடிட்டு ஓடி வந்தாரு. அவரு பின்னாடியே இன்னும் நாலு பேர். அப்புறம் மீதிப் பேரு. நான் யாரையும் கூப்பிடல. டீமும் பிரிக்கல. பத்தே நிமிஷத்துல மொத்தமும் குவிஞ்சிடுச்சு.

பாதிக்கு படுதா. மீதிக்கு ஃப்ளெக்ஸ். காத்துல பறக்கக் கூடாதுல்ல, அதனால என் ரெண்டு கன்னத்துலயும் செங்கல், நெத்தியில ஒரு கருங்கல்.

அப்ப புடிச்சுது பாருங்க ஒரு மழை!

எல்லாரும் பஸ் ஸ்டாப் நிழற்குடையில ஒதுங்கி நின்னோம். ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கிட்டே செல்வராஜ் அண்ணன் சொன்னாரு. “பாஸ்டர், போட்டோவைப் பெருசா போட்டது நல்லதாப் போச்சு. சின்னதா இருந்திருந்தா மூடியிருக்காது.”

பதினோரு பேரும் சிரிச்சாங்க. ஸ்டெல்லா அக்கா மட்டும் சிரிக்கல. அவங்க கண்ணு குவியல் மேலயே இருந்துச்சு. என்னால அவங்க பக்கம் திரும்பவே முடியல.

ஞாயித்துக்கிழமை நல்ல வெயில். ஆராதனை முடிஞ்சதும் நேரா ரோட்டுக்குப் போய் அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

“அதெல்லாம் இருக்கட்டும் பாஸ்டர். காலால இப்படி கிளறி விடுங்க,”ன்னாங்க.

சாயங்காலம் வரைக்கும் கிளறினேன்.

“நாளைக்கு கொள்முதல் நிலையத்துல மூட்டை இறக்கணும். உங்களால வர முடியுமா பாஸ்டர்?”

ஆளை எப்படிக் கூப்பிடணும்னு அங்கதான் கத்துக்கிட்டேன். முடியும்னு சொன்னேன்.

திங்கக்கிழமை. கொள்முதல் நிலையத்து ஆளு சாக்குக்குள்ள கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்தாரு. ஈரம் பார்க்குற மெஷின்ல போட்டாரு. அக்கா முந்தானையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஜெபம் எல்லாத்தையும் மனசுக்குள்ள ஓட்டிட்டேன். அவரு மெஷினைப் பார்த்தாரு. நெல்லைப் பார்த்தாரு. மறுபடியும் மெஷினைப் பார்த்தாரு.

“ம். எடைக்கு ஏத்துங்க.”

ஓரத்துல நனைஞ்ச ஒரு மூட்டையை மட்டும் ஒதுக்கிட்டாங்க. மத்ததெல்லாம் போயிடுச்சு. அக்கா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. நானும் துடைச்சுக்கிட்டேன், தூசின்னு சொல்லிக்கிட்டு.

அப்பதான் அந்த ஆளு என்னை மேலயும் கீழயும் பார்த்தாரு. தலையெல்லாம் பதரு. தோள்ல மூட்டை. ஒரு கையால முதுகைச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிறேன்.

“யாரும்மா இவரு? புதுசா இருக்காரு?”

ஸ்டெல்லா அக்கா யோசிக்கவே இல்ல.

“நம்ம வாலண்டியர் சார். சொன்னா கேட்டுக்குவாரு.”