பூட்டுக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் தேர்ந்தெடுத்த விவரம்

மதிப்பிற்குரிய பெரியண்ணன் அவர்களுக்கு,

பூட்டுக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ஸ்டோரைக் கட்டிக் காக்கிறவளும், சென்ற திங்கள் முதல் மென்பொருள் தேர்வுக் குழுவின் தலைவியுமான உங்கள் தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் இருமலும் இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் விஷயத்தைச் சொன்னபோது, "சரக்குக்குச் சீட்டு எழுதுறவ சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கப் போறாளாம்!" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தீர்கள். போனை வைத்துவிட்டுச் சிரித்திருக்கலாம் அண்ணா, எனக்கு நன்றாகவே கேட்டது. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன். எங்கள் கம்பெனியில் விற்பனைக்காரர்கள் இருக்கிறது என்று விற்ற பூட்டு ஸ்டோரில் இருக்காது, ஸ்டோரில் மலைபோல் கிடக்கும் பூட்டு விற்பனைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்காது. கொள்முதல், உற்பத்தி, ஸ்டோர், விற்பனை எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும், அதற்கொரு சாஃப்ட்வேர் போட வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். யார் தேர்ந்தெடுப்பது என்று கேள்வி வந்ததும் என் பக்கம் திரும்பி, "எந்தச் சாமான் எங்க கிடக்குதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதாம்மா. நீங்களே தலைவியா இருங்க" என்றார். கணக்காளருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அவர் உறுப்பினர் மட்டும்தான்.

சாஃப்ட்வேர் விற்கிற மூன்று கம்பெனிக்காரர்களையும் புதன்கிழமை பத்து மணிக்கு ஒரே அறைக்கு வரச் சொன்னோம். வருகிறவர்கள் அசந்துபோகட்டும் என்று முதல் நாளே அந்த அறைக் கதவில் எங்களுடைய புது மாடல் பூட்டை முதலாளி மாட்டச் சொல்லியிருந்தார். முதலாமவர் டை கட்டியவர், சுவரில் அம்புக்குறிகளாகக் காட்டினார், அம்பு எங்கிருந்து கிளம்பி எங்கே குத்துகிறது என்று கடைசி வரை சொல்லவில்லை. இரண்டாமவர் எதைக் கேட்டாலும் "முடியும் மேடம்" என்பார். சும்மா விடுவேனா? "ஒரு டஜன் பூட்டுல ஒண்ணு மட்டும் சாவி மாறித் திரும்பி வருது, அதை உங்க சாஃப்ட்வேர்ல ஏத்த முடியுமா?" என்றேன். "முடியும் மேடம்." "பூட்டு வராம சாவி மட்டும் வந்தா?" "முடியும் மேடம்." "பூட்டும் வரலை, சாவியும் வரலை, ஆள் மட்டும் வந்து சண்டை போடுறாருன்னா?" கொஞ்சம் யோசித்து, "அது அடுத்த வெர்ஷன்ல முடியும் மேடம்" என்றார்.

இந்த நேரத்தில்தான் கையில் ஃபைலோடு ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். வரவேற்பில் இருக்கும் பெண் அனுப்பியிருக்கிறாள். "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்று முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். வேலையை எத்தனை மாதத்தில் முடிப்பீர்கள் என்று நான் கேட்டேன். "அதை நீங்கதானேம்மா சொல்லணும்?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஸ்டோரைப் பார்த்து அப்படிக் கேட்ட முதல் மனிதர்! "முதல்ல ஒரு மாடியில மட்டும் போட்டுப் பாக்கலாம். கோளாறு இல்லன்னா மத்த மாடிக்கும் போடலாம்" என்றார். ஸ்டோர் கீழ்மாடி, ஆபீஸ் மேல்மாடி, எவ்வளவு நிதானமான யோசனை!

டீ கொண்டுவந்த அம்மா வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். பூட்டு திறக்கவில்லை. முதலாளி திருகினார், கணக்காளர் தோளால் இடித்தார், அது அசைந்தே கொடுக்கவில்லை. டை கட்டியவர், யாரும் எழுந்து போக முடியாது என்ற தைரியத்தில் இன்னும் நாற்பது அம்புகளை எடுத்துவிட்டார். "இதைத் திறக்க முடியுமா?" என்று இரண்டாமவரைக் கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, "முடியாது மேடம்" என்றார். பெரியவர் மட்டும் பூட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதே மாதிரி செஞ்ச மத்த பூட்டெல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

எனக்குப் பளிச்சென்று பொறி தட்டியது. கதவில் மாட்டியிருந்ததும் போன வாரம் வந்த கருப்பு ஸ்பிரிங் போட்ட பூட்டுதான், அதே ஸ்பிரிங்கில் செய்த இருநூற்று நாற்பது பூட்டு, இருபது பெட்டி, ஏழாம் அலமாரி, இன்று காலை ஒரு மருத்துவமனைக்குப் போகிற லாரியில் ஏற்றியாகிவிட்டது! ஜன்னலுக்கு ஓடி, "வாட்ச்மேன் அண்ணே, லாரியை விடாதீங்க! கேட்டைச் சாத்துங்க!" என்று கத்தினேன். லாரி கேட்டில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது. நின்றிருக்காவிட்டால் நோயாளி உள்ளே, டாக்டர் வெளியே என்று ஆகியிருக்கும் அண்ணா. ஃபோர்மேன் வந்து கதவையே கீலோடு கழற்றி எங்களை மீட்டார்.

பிறகென்ன, குழு கூடியது. எடுத்த எடுப்பில் சரியான கேள்வியைக் கேட்டவர் பெரியவர்தான், அவருக்கே வேலை என்றேன். கணக்காளர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. "உங்க கண்ணுக்கு ஆள் தப்பாது" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்த வார்த்தையை அண்ணிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டவும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீங்களும் அண்ணியும் நோய் நொடியில்லாமல், தங்கையைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கை
(தேர்வுக் குழுத் தலைவி)

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் முதலாளி கூப்பிட்டார். வேலையை எப்போது ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்கப் பெரியவருக்குப் போன் போட்டாராம். "எந்த வேலை? நான் பூட்டு வாங்க வந்தவன்ங்க" என்றாராம் அவர். ஐந்து மாடி விடுதி கட்டுகிறாராம், எல்லா அறைக்கும் பூட்டு வேண்டுமாம். நிஜமான மூன்றாமவர் அன்று வரவே இல்லை. லாரியை நிறுத்திய நாணயத்துக்காக ஆர்டரை நமக்கே கொடுத்துவிட்டார். கூடவே, "கெட்ட பூட்டு எங்க இருக்குன்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சீங்களே, அது எந்த சாஃப்ட்வேர்? எங்க விடுதிக்கும் ஒண்ணு வேணும்" என்று கேட்டிருக்கிறார். முதலாளி என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.