பருந்து வந்தபோது கைகட்டி நின்ற ஐவர்

என் நிச்சயதார்த்தத்துக்கு நான் போகவில்லை. பெண் பிடிக்காமல் அல்ல, பஸ் கிடைக்காமலும் அல்ல. ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் தோற்றதால் போகவில்லை. வெளியில் கேட்பவர்களிடம் 'கம்பெனியில் அவசர வேலை' என்றுதான் எட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். வேலை இருந்தது உண்மை. அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக் கையெழுத்தும் போட்டேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஓசூரில் கார் கதவுக்குத் தகடு அடிக்கும் ஒரு தொழிற்சாலையில், பிரஸ் ஷாப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர். தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சை 'டை' என்போம். ஒவ்வொன்றும் ஒரு லாரி கனம். ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட வேண்டுமென்றால் கிரேன் அதைத் தூக்கி எங்கள் தலைக்கு மேலே கொண்டுபோகும்.

அதற்கு ஒரு விதி உண்டு. யாராவது 'மேலே' என்று கத்தினால், கையில் இருப்பதை விட்டுவிட்டு, இரண்டடி பின்னால் போய், மஞ்சள் கோட்டுக்கு வெளியே கைகட்டி நிற்க வேண்டும். 'சரி' என்று குரல் வரும்வரை பேசக்கூடாது. அண்ணாந்து பார்க்கவும் கூடாது. பார்ப்பவன் வாயைப் பிளந்துகொண்டு அங்கேயே நின்றுவிடுவான்.

இந்த விதி எனக்கு முன்பே இருந்தது. ஆனால் நான் கண்டுபிடித்தது போலத்தான் நடந்துகொண்டேன். வாரத்தில் மூன்று நாள், யாரும் எதிர்பாராத நேரத்தில், ஸ்டாப்வாட்ச்சோடு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கத்துவேன். இரண்டு விநாடிக்குள் கை கட்டியாக வேண்டும். பிந்தியவர்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து. (ஒருமுறை டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிளாஸைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டினார். அவருக்கு எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். நான் அப்படிப்பட்ட ஆள்.)

அந்த வருடம் ஆண்டு விளையாட்டு விழாவில் கயிறு இழுத்தலோடு ஒரு கம்ப்யூட்டர் போட்டியும் சேர்ந்தது. மாடியில் உள்ள டிசைன் பிரிவினர் கேட்டு வாங்கிய போட்டி அது. ஐந்து பேர் ஐந்து பேரைச் சுடும் விளையாட்டு. ஆளுக்கொரு வீரரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் கேடயம் பிடிப்பார், ஒருவர் தூரத்திலிருந்து குறிவைப்பார், ஒருவர் காயத்துக்கு மருந்து போடுவார். நடுவில் ஒரு மேடை. அதில் நின்றால் திரையில் ஒரு சதவீதக் கணக்கு ஏறும். நூறைத் தொட்டால் அந்தச் சுற்று உங்களுக்கு.

வீரர்களில் சிலர் பறப்பார்கள். அவர்களில் முக்கியமானவருக்கு முதுகில் இயந்திரச் சிறகு, கையில் குண்டு. உண்மைப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. 'பருந்து' என்று வைத்துக்கொண்டோம்.

எங்கள் அணியில் பருந்தாகப் பறந்தவன் மஞ்சுநாத். கர்நாடக எல்லையில் உள்ள தளிக்காரன். வீட்டில் கன்னடம், ஷாப்பில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். கேடயம் பிடித்தவன் வேப்பனப்பள்ளி வெங்கடேஷ். சுடுவதற்கு இரண்டு செந்தில்கள் (பெரிய செந்தில், சின்ன செந்தில், உயரத்தில் சின்ன செந்தில்தான் பெரியவன்). எனக்கு மருந்துப் பெட்டி. ஷாப்பில் முதலுதவிப் பெட்டிச் சாவி என்னிடம் இருப்பதால், அங்கேயும் நான்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

முதல் ஷிஃப்ட் முடிந்ததும் பாகலூர் ரோட்டில் ஒரு கேமிங் சென்டரில் பயிற்சி. பறக்கும் ஆளோடு ஒரே அணியில் இருப்பது, தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகிப்போன நண்பனோடு பழகுவது போன்றது. எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான், ஒன்றும் தெரியாது. அடிபட்டால் மட்டும் கூப்பிடுவான். ஆள் கண்ணில் பட்டால்தான் என் மருந்து அவனைச் சேரும். எனவே நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே தரையில் ஓடினேன். ஓடிய வேகத்தில் பள்ளத்தில் விழுந்தேன். முதல் வாரத்தில் எதிரிகள் என்னைக் கொன்றதைவிடப் பள்ளங்கள் கொன்றதே அதிகம்.

"அண்ணா, மருந்து."

"எங்கடா இருக்க?"

"கூரைக்குப் பக்கத்துலண்ணா."

"எந்தக் கூரை?"

"நீங்க செத்துக் கெடக்கீங்களே, அதுக்கு நேரா."

இரண்டே வாரத்தில் தேறிவிட்டோம். மஞ்சு குண்டு போட, நாங்கள் நால்வரும் கீழே மேடையைப் பிடிக்க, சென்டருக்கு வருபவர்களையெல்லாம் தோற்கடித்தோம். ஒரே ஒரு குறை இருந்தது. அந்தச் சென்டருக்கு வருபவர் யாருக்கும் பறக்கத் தெரியாது. பருந்து எப்போதும் எங்கள் பக்கமே இருந்தது.

"எதிர்ல பருந்து வந்தா என்னண்ணா பண்றது?" என்று மஞ்சுவே ஒரு நாள் கேட்டான்.

"டிசைன்ல எவன்டா பறக்கப் போறான்? ஏசி ரூம்ல உக்காந்து கோடு போடுறவங்க" என்றேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, கேன்டீனில் கவிதாவைச் சந்தித்தோம். டிசைன் பிரிவின் பாதுகாப்புப் பொறுப்பாளர், நாகர்கோவில்காரர். எதிரணித் தலைவியும் அவர்தான். கையில் தட்டோடு எங்கள் மேசைக்கு வந்தார்.

"உங்க ஆளுங்களுக்கு மவுஸ எங்க பிடிக்கணும்னு தெரியுமா சார்? வேணும்னா அதுல ஒரு மஞ்சக் கோடு போட்டுத் தாரேன்."

பக்கத்து மேசை சிரித்தது. நானும் சிரித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை கிரேனுக்கு வருடாந்திரச் சோதனை. வெளியிலிருந்து அதிகாரி வருவார். எங்கள் இருவரில் ஒருவர் அவரோடு இருக்க வேண்டும். அது கவிதாவின் முறை. எனக்கு விடுமுறை. அன்றுதான் காவேரிப்பட்டணத்தில் எனக்கும் சங்கீதாவுக்கும் நிச்சயதார்த்தம்.

"நாங்க தோத்தா, சனிக்கிழமை உங்க டியூட்டிய நான் பாக்குறேன்" என்றேன்.

மேசைக்கு அடியில் மஞ்சு என் காலை மிதித்தான். பாதுகாப்பு ஷூ போட்ட கால். எனக்கு உறைக்கவில்லை.

"அண்ணா, சனிக்கிழமைதாண்ணா உங்களுக்கு..." என்று காதில் ஆரம்பித்தான்.

"தோத்தாத்தானேடா" என்றேன்.

டியூட்டி மாற்றும் படிவத்தைக் கவிதா அப்போதே எடுத்துவந்தார். கையெழுத்துப் போட்டேன். நாங்கள் ஜெயித்தால் கிழித்துவிடுவது என்று பேச்சு. அன்று மாலையே அவர் வெள்ளிக்கிழமை நாகர்கோவில் பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டும் நான் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. எங்கள் ஷாப்பை ஒட்டிய பயிற்சி அறையில் பத்து கம்ப்யூட்டர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஓடும் சத்தம், நடுநடுவே கிரேனின் ஹாரன். ஷிஃப்ட் முடித்தவர்கள் சீருடையும் ஷூவுமாகப் பின்னால் நின்றார்கள். முன்வரிசையில் ஆலை மேலாளர். சென்டரில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு மெதுவாகப் பேசிப் பழகியிருந்தோம். இங்கே அந்த வசதி இல்லை. கத்த வேண்டியதுதான்.

முதல் சுற்று எங்களுக்கு. மஞ்சு வானத்திலேயே குடியிருந்தான். இரண்டாவது சுற்றில் கவிதா தூரத்திலிருந்து குறிவைக்கும் ஆளை எடுத்து மஞ்சுவை எட்டு முறை தரையிறக்கினார். சுற்று அவர்களுக்கு. மூன்றாவதில் மஞ்சு, கன்னட வாடையோடு, "வேணாம் குரு, ஆகாசம் நமக்கு ஒத்துவரல" என்று சிறகைக் கழற்றிவிட்டு எங்களோடு தரையில் சேர்ந்தான். ஐவரும் மேடையில் நெருக்கியடித்து நின்றோம். கணக்கு ஏறியது. எண்பது. தொண்ணூறு. தொண்ணூற்றாறு. காவேரிப்பட்டணம் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது மேடையில் ஒரு நிழல் விழுந்தது. கறுப்பாக, மெதுவாக நகர்ந்து வந்தது. டை போகும்போது எங்கள் ஷாப் தரையில் விழுமே, அதே நிழல். கவிதா பருந்தை எடுத்திருந்தார்.

'பருந்து, இடது பக்கம்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் தூணுக்குப் பின்னால் நின்று பழகிய என் தொண்டை வேறொன்றைச் சொன்னது.

"மேலே!"

ஐந்து நாற்காலிகள் ஒரே சத்தத்தில் பின்னால் போயின. மவுஸ்களை விட்டுவிட்டு ஐவர் எழுந்து, இரண்டடி தள்ளி, மார்பில் கைகட்டி, தலைகுனிந்து நின்றார்கள். ஐந்தாவது ஆள் நான். கத்தியவன் நானே என்பதால் எனக்கு மட்டும் விலக்கு என்று என் கைகளுக்குத் தோன்றவில்லை. பின்னால் நின்ற பிரஸ் ஷாப் கூட்டமும் கைகட்டியது. போண்டா தின்றுகொண்டிருந்த ஒருவர் போண்டாவைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டினார்.

திரையில் எங்கள் ஐந்து வீரர்களும் துப்பாக்கியைத் தொங்கவிட்டு நின்றார்கள்.

"சார், ஆடலியா?" என்றார் கவிதா.

யாரும் பதில் சொல்லவில்லை. 'சரி' என்ற குரல் இன்னும் வரவில்லையே.

நான்கு விநாடி காத்திருந்ததாக அவர் பிறகு சொன்னார். நியாயமான பெண்மணி. அதற்குப் பிறகுதான் குண்டு போட்டார். ஐவரும் வரிசையாக, எந்த எதிர்ப்பும் இன்றி, பாதுகாப்பு விதிகளுக்கு முழுமையாகக் கட்டுப்பட்டு இறந்தோம்.

முதலில் வாயைத் திறந்தவன் மஞ்சு. "அண்ணா, இது கம்ப்யூட்டர்ணா."

நாங்கள் பாய்ந்து நாற்காலியைப் பிடிப்பதற்குள் டிசைன் பிரிவு மேடையில் ஏறிவிட்டது. இறங்கவேயில்லை.

ஆலை மேலாளர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டு செகண்ட் கூட ஆகல. வாட்ச்ல பாத்தேன். ரொம்ப நல்லா ட்ரெயின் பண்ணிருக்கீங்க." மூன்று வருடமாக அவரிடமிருந்து நான் எதிர்பார்த்த பாராட்டு அது.

கவிதாவிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் டிக்கெட்டை ரத்து செய்திருப்பார். நான் சொல்லவில்லை. தோற்றவன் கெஞ்சக்கூடாது என்று ஒரு கௌரவம். அந்தக் கௌரவம் ஆறு மணிவரை தாங்கியது. ஆறு மணிக்கு மேலாளர் அறைக்குள் போனேன்.

"சார், நாளைக்கு எனக்கு நிச்சயதார்த்தம்."

"கல்யாணம் இல்லையே?"

"இல்ல சார்."

கவிதா கொடுத்துவிட்டுப் போயிருந்த படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். கவிதா மேடத்துகிட்ட ஒரு வார்த்தை..."

"அவங்க பஸ் ஏறிப் போயிட்டாங்களே."

வீட்டுக்குப் போன் செய்து, கம்பெனியில் அவசர வேலை என்றேன். பெரியவர்கள்தானே தட்டு மாற்றப் போகிறார்கள், தேதியைத் தள்ளக் கூடாது என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சங்கீதாவுக்கும் போன் செய்தேன்.

"என்ன வேலைங்க, அவ்ளோ அவசரமா?"

"கிரேன்."

"விழுந்துடுச்சா?"

"இல்ல. விழுமான்னு பாக்கணும்."

"பாத்துட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை ராகுகாலம் முடிந்து பத்தரை மணிக்கு மேல் தட்டு மாற்றினார்கள். என் சார்பில் மஞ்சுவும் இரண்டு செந்தில்களும் போயிருந்தார்கள். சபையில் மாப்பிள்ளை முகத்தைக் காட்ட வேண்டுமென்று மஞ்சு எனக்கு வீடியோ கால் போட்டான். அந்த நேரத்தில் கிரேன் கொக்கியில் சோதனை எடை தொங்கிக்கொண்டிருந்தது. எடை தொங்கும்போது பொறுப்பாளர் இடத்தைவிட்டு நகரக்கூடாது, ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது. மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று போனைப் பார்த்துக் கும்பிட்டேன்.

திரையில் ஒரு பெரிய மீசை வந்தது. சங்கீதாவின் பெரியப்பா. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்கப் போன அன்று அவர் ஊரில் இல்லை. தன் கண்ணால் பார்க்காத எதையும் நம்பிப் பழக்கமில்லாதவர்.

"மாப்ள, அந்தத் தொப்பிய கொஞ்சம் கழட்டுங்க."

"கழட்டக் கூடாதுங்க."

"ஏன்?"

"விதிங்க."

திரை ஆடியது. பெரியப்பா போனைக் கீழே இறக்கிவிட்டார், ஆனால் குரல் கேட்டது. "தலையில ஒண்ணும் இல்லடா. அதான் மறைக்கிறான்."

பெண் பார்க்கப் போனபோது எனக்கு முடி இருந்ததை நேரில் பார்த்த பதினோரு பேர் அந்தச் சபையில் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 'அது டோப்பாவோ என்னமோ' என்று யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

நிலைமையைச் சமாளிக்க மஞ்சு உண்மையைச் சொல்ல முடிவு செய்தான். நல்லெண்ணம்தான். விளையாட்டு, பருந்து, பந்தயம் எல்லாவற்றையும் சொன்னதோடு நிற்காமல், செந்தில்களை நிறுத்தி நடித்தும் காட்டினான். பாதியில் சங்கீதாவின் சித்தப்பாக்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்களாம். மதியம் அவளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: 'பறந்தது யாரு?' கவிதா என்று பதில் போட்டேன். 'கல்யாணத்துக்கு அவங்களக் கண்டிப்பா கூப்பிடணும்' என்று அடுத்த வரி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கவிதா கல்யாணத்துக்கு வந்தார். முன்வரிசையில் உட்காரவைத்து முதல் பந்தியில் சாப்பாடு போட்டார்கள். பெரியப்பாவும் மேடைக்கு வந்து, ஆசீர்வதிக்கும் சாக்கில் என் முடியை ஒரு இழு இழுத்துப் பார்த்தார். அட்சதையோடு நாலு முடியும் போனது. நிஜம் என்று தெரிந்தும் அவர் முகம் தெளியவில்லை. தன் கணிப்பு பொய்த்ததில் அவருக்கு வருத்தம்.

அந்த வருத்தம் நீடிக்கவில்லை. கல்யாணமான மூன்றாம் வருடம் முன்நெற்றியில் ஆரம்பித்தது. ஆறாம் வருடம் முடிவதற்குள் ஹெல்மெட் மறைப்பதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், இலை போடுவதற்கு முன்பே பெரியப்பா கதையை எடுத்துவிடுவார். அவர் சொல்லும் கதையில் கிரேனும் கிடையாது, பருந்தும் கிடையாது. வழுக்கையை மறைக்க ஹெல்மெட்டோடு நிச்சயம் பண்ணிக்கொண்ட ஒரு மாப்பிள்ளை மட்டும் இருக்கிறான்.

போன மாதம் ஒரு காதுகுத்தில் பொறுக்க முடியாமல், பீரோவில் கிடந்த என் கல்லூரிக் காலத்து பஸ் பாஸை எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தேன். புகைப்படத்தில் காடு மாதிரி முடி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பாஸைப் பார்த்தார். சுற்றியிருந்த சொந்தமெல்லாம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"போட்டோவும் ஆளும் ஒத்துப்போகல" என்று பாஸைத் திருப்பிக் கொடுத்தார். "எறங்கிக்கோங்க."