கண்டக்டர் இறக்கிய மாங்கட்டைகள்

விளாங்குடியில் பறவைகளை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிய ஒரே மனிதர் எங்கள் தெருக் கண்டக்டர்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிப் பல வருடமாகியும் வேலையை விடாதவர். மொட்டை மாடியில் அரிசியும் கம்பும் தூவிவிட்டு, "மைனா, உள்ள தள்ளிப் போ. படியில நிக்காத" என்பார். அணிலைக் கண்டால் மட்டும் முகம் மாறும். "டிக்கெட் எடுக்காத பய இவன்தான்."

ஒரு கோடையில், அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தோப்பில் பட்டுப்போன மாமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டைகளை ஆட்டோவில் ஏற்றிவந்தார். பட்டையை உரிக்காமல் நடுவில் குடைந்து, கயிறு கட்டிப் பறவைகளுக்குத் தீவனத் தொட்டிகள் ஆக்கினார். கேட்ட வீடுகளிலும் தொங்கின, கேட்காத வீடுகளிலும் தொங்கின. எங்கள் வாசல் மாமரத்தில் நான் வெளியூர் போயிருந்தபோது தொங்கியது.

சில வாரங்களில் தொட்டிக்குக் கீழே மரத்தூள் கொட்ட ஆரம்பித்தது. கிளி கொத்துகிறது என்றார் கண்டக்டர். எதிர்வீட்டு மல்லிகா வேளாண்மைத் துறையில் வேலை பார்ப்பவர். அவர் ஒரு தொட்டியை இறக்கி அரிவாளால் பிளந்தார். விரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது.

"அண்ணே, அந்தத் தோப்பு ஏன் பட்டுச்சுன்னு கேட்டீகளா?"

"கேக்கலம்மா."

"தண்டுத் துளைப்பான். வண்டா வெளிய வந்து நம்ம மாமரத்துல முட்டை வைக்கும். புழு உள்ளுக்குள்ளயே தின்னுக்கிட்டு இருக்கும். மரம் காயிறப்பத்தான் நமக்குத் தெரியும்."

கண்டக்டர் புழுவையே பார்த்துக்கொண்டு நின்றார். "அம்புட்டுப் பூச்சியையும் நாந்தான ஏத்திக்கிட்டு வந்து எறக்கிருக்கேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் தெருவில் விசில் சத்தம். வீடு வீடாகப் போய்க் கட்டைகளை இறக்கினார். நூல் வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக் குடும்பத்து லலிதாம்மா மட்டும் தரமாட்டேன் என்றார்.

"எங்க வீட்டுக் கிளி இதுலதான் சாப்பிடும்."

"வண்டி பிரேக்டவுன் ஆயிருச்சும்மா. மாத்து வண்டி அனுப்பி வைக்கிறேன்."

மாற்று வண்டி என்பது கண்டக்டர் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு. சாயங்காலத்துக்குள் எல்லாத் தட்டுகளும் மரம் ஏறிவிட்டன. அன்று இரவு அவர் மனைவி அவருக்கு இட்லிச் சட்டி மூடியில் சோறு போட்டார். கண்டக்டர் மூடியை வழித்துச் சாப்பிட்டார். கட்டைகளைக் காலி மனையில் போட்டு எரித்து, சாம்பலாகும் வரை நின்று பார்த்துவிட்டு வந்திருந்தார்.

ஆனாலும் ஏதோ ஒரு வண்டு முந்திக்கொண்டது. பொங்கல் கழிந்து பார்த்தால் எங்கள் மாமரத்தின் அடித்தண்டில் ஒரு துளை, பக்கத்தில் தூள். இலைகள் வாடத் தொடங்கியிருந்தன. மல்லிகா வழி சொல்ல, கண்டக்டர் சைக்கிள் கம்பியை வளைத்து உள்ளே விட்டார். நெடுநேரம் போராடிப் புழுவை இழுத்துப் போட்டார். மருந்தில் நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் அடைத்தார். அதன்பின் தினமும் காலையில் வந்து தண்டைச் சுற்றித் தட்டிப் பார்ப்பார்.

மரம் தப்பிவிட்டது. இந்தக் கோடையில் காய்க்கனம் தாங்காமல் கிளை தாழ்ந்தது. இனிமேல் பயமில்லை என்று மல்லிகா என்னிடம் எப்போதோ சொல்லிவிட்டார். அதை நான் கண்டக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் காலையில் வரமாட்டார்.