இருநூற்றுப் பன்னிரண்டு விளக்குகளும் ஓர் அரக்குச் சேலையும்

அண்ணாந்து பார்த்தே நடக்கும் மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. அலங்கார விளக்குக்காரர் என்று பெயர். இந்த இனத்துக்கு மாதிரி தேடி நான் வெளியே போக வேண்டியதில்லை. கூடப் பிறந்த தம்பி அருள்பாண்டியே இருக்கிறான். தம்பியைக் குறை சொல்லவே அக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஆகவே, அவன் வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அவனியாபுரம் ஜல்லிக்கட்டை வேடிக்கை பார்க்கப் போய், மாடு வருவதற்கு முன்பே கூட்டம் தள்ளி வலது கை முறிந்து, இடது கையாலேயே ஒயரிங் செய்து ஐ.டி.ஐ. தேர்வில் தேறினான். தொண்ணூறு வருடத்துச் சுண்ணாம்புச் சுவர் ஒன்று மூன்று டிரில் பிட்டுகளை முறித்துப் போட்டது. நான்காவதை இறக்கிக் காட்டினான். ஆசாரியும் பெயின்டரும் சேர்ந்து எதிர்த்தும் கூரை முழுவதையும் தன் விளக்குகளுக்கென்றே கேட்டு வாங்கினான். எல்லாவற்றிலும் பெரிய வெற்றி, கடைக்காரர் சூடாமணி அம்மா சொன்ன "ஒரு டியூப்லைட் போதும் தம்பி" என்ற ஒற்றை வாக்கியத்தை, ஐந்தே வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு விளக்குகளாக்கியது. எண்ணித்தான் சொல்கிறேன். இரண்டு தடவை எண்ணினேன்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களைப் பார்க்க மாட்டார், கூரையைப் பார்ப்பார். காப்பி டம்ளரைக் கை மட்டும்தான் தேடி வாங்கும். துக்க வீட்டுக்குப் போய், மாலை போட்டு, கும்பிட்டு நிமிரும்போதே கண் டியூப்லைட்டில் போய் நின்றுவிட, பக்கத்தில் இருப்பவர் காதில், "இங்கன மஞ்ச வார்ம் லைட் போட்டிருந்தா அய்யா முகத்துக்கு எடுப்பா இருந்திருக்கும்ணே" என்பார். வெள்ளை வெளிச்சம் என்றால் அவருக்கு ஆஸ்பத்திரி. மஞ்சள் வெளிச்சம் என்றால் அரண்மனை. இரண்டுக்கும் நடுவில் மனிதர் குடியிருக்கும் வீடு என்று ஒன்று உண்டா? அவர் அறியார். வேலை எப்போது முடியும் என்று கேட்டுப் பாருங்கள். "முடிஞ்சிருச்சு, ஃபினிஷிங் மட்டும் இருக்கு." என் தம்பி பதினொரு வருடமாகச் செய்த வேலைகள் அத்தனையும் ஃபினிஷிங்கில்தான் நிற்கின்றன.

சூடாமணி அம்மாவின் சுங்குடிச் சேலைக் கடை, தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. மாமனார் காலத்துக் கட்டடம். முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம். கூரை ஒழுகி ஆறு மாதம் பூட்டிக் கிடந்ததைப் புதுப்பித்தார். அதற்குள் வாடிக்கைப் பெண்கள் வேறு கடைகளுக்குப் பழகிவிட்டார்கள். திறப்பு நாளில் நல்ல நேரத்துக்குள் போணி ஆகிவிட வேண்டும், ஆகாவிட்டால் வந்து பார்த்தவர்களும் திரும்ப வரமாட்டார்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் பயம்.

அந்தக் கடையின் நடுக்கூரையில், கட்டில் அகலத்துக்கு ஒரு கண்ணாடிச் சட்டம் இருந்தது. வெயிலை உள்ளே இறக்க அந்தக் காலத்தில் வைத்தது. தம்பி செய்த முதல் வேலை, அதற்கு அடியில் ஃபால்ஸ் சீலிங் பலகை போட்டு அதை மூடியதுதான். ஏனடா என்றேன். "வெளிய இருந்து வர்ற வெளிச்சம் நம்ம வெளிச்சத்தைக் கெடுத்துரும்க்கா" என்றான். மூடிய இடத்துக்கு நேர் கீழே, தன் உயிரைக் கொடுத்துச் செய்த பித்தளைத் தாமரை விளக்கைத் தொங்கவிட்டான்.

பழைய மரப்பெட்டி மெயின் போர்டை மட்டும் சூடாமணி அம்மா எடுக்க விடவில்லை. அதன் கதவின் உட்புறம் பென்சிலில் எழுதியிருந்தது: 'விளக்கு நாலு. வேலை முடிந்தது. பீமாராவ், 12-2-1961.' தம்பி அதைப் படித்துவிட்டு ஏணியில் உட்கார்ந்து சிரித்தான். நாலு பல்பு மாட்டியதற்குக் கையெழுத்தாம், தேதியாம்.

திறப்பு நாள் வந்தது. பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை நல்ல நேரம். தம்பி எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னான். தாமரை ஆடும் என்று ஃபேனை நிறுத்தினான். முப்பத்தொரு சுவிட்சுகளையும் வரிசையாகத் தட்டினான். கண்ணைத் திறந்தவர்கள் ஆஹா என்றார்கள், வேர்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். சேலையை யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் ஒருத்தி முன்னால் வந்தாள். மேலூர் மாயக்காள். மகள் நிச்சயதார்த்தத்துக்கு அரக்குச் சேலை வேண்டும் என்றாள். சூடாமணி அம்மா நல்லதாக ஒன்றை எடுத்து விரித்தார்.

"இது அரக்கா, காப்பிக் கொட்டையா?"

"அரக்குதாம்மா."

அந்த நேரம் பார்த்து அலமாரிக்கு மேலே ஓடிய பட்டை விளக்கு நீலத்துக்கு மாறியது. சேலை கத்தரிக்காய் ஆனது.

"ஒரு நிமிசம் பொறுங்கம்மா, பழையபடி மாறும்" என்றான் தம்பி.

"மாறுறதுக்கு இது சேலையாப்பா, ஓணானா?" என்று கேட்ட மாயக்காள், சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு விளக்குகளுக்கு நடுவில் நின்று சொன்னாள்: "வெளிச்சத்துல பாத்துட்டு வாரேன்."

அவள் சந்துக்குப் போனாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் ஆளுக்கொரு சேலையோடு போனார்கள். சேலைகள் போகின்றனவே என்று சூடாமணி அம்மாவும் பின்னால் ஓடினார். சந்தில் எதிர்க் கட்டடத்து நிழல். தெருமுனையில் வெயில், ஆனால் அங்கே ஆட்டோவும் புழுதியும். கடைக்குள் தாமரை மட்டும் பிரமாதமாக எரிந்துகொண்டிருந்தது, யாருக்கு என்று தெரியாமல்.

மணி பதினொன்று இருபது. மாயக்காள் திரும்பி வந்து சேலையை மடித்து வைத்தாள். "நிறம் பிடிபடலம்மா. இன்னொரு நாளைக்கு வாரேன்."

சூடாமணி அம்மா தம்பியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் பதில் வைத்திருப்பான். மாயக்காளுக்கு ஒரு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, தாமரைக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியைப் பார்த்து, "முன்னெல்லாம் இங்கனதான் விரிச்சுக் காட்டுவோம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

தம்பி அண்ணாந்து பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, விளக்கைத் தாண்டி மேலே பார்த்தான் என்று நினைக்கிறேன். பீமாராவ் ஏன் நாலே விளக்கோடு நிறுத்தினார் என்று அப்போதுதான் அவனுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். ஏணியைக் கொண்டுவந்தான். தாமரையைத் தன் கையாலேயே கழற்றிக் கீழே கொடுத்தான். வாங்கி ஓரமாக வைத்தது நான்தான். நான்கு பலகைகளைத் தூக்கி நகர்த்தினான். பதினொன்றரை மணி வெயில், கண்ணாடியில் இறங்கி, வெள்ளைத் துணியில் வந்து உட்கார்ந்தது. அதில் சேலையை விரித்தார்கள். அரக்கு அரக்காக இருந்தது.

மாயக்காள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "இந்தா, இதுல்ல வெளிச்சம். இத எங்கிட்டுப்பா வாங்குன?"

"பழைய ஸ்டாக்கும்மா" என்றான் தம்பி, ஏணியிலிருந்து இறங்காமலே.

பதினொன்று நாற்பதுக்குப் போணி ஆனது. சூடாமணி அம்மா ஃபேனைப் போட்டார். தம்பி என்னிடம் வந்து, பென்சில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் ஹாலில் ஆறு நிறத்தில் விளக்கு எரியும்போது, ஊசியில் நூல் கோக்க நீங்கள் எங்கே போகிறீர்கள்? பால்கனிக்குத்தானே? வெயில் வரும் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டுவிட்டு, அதன் மேலேயே சர விளக்குத் தொங்கவிட்டிருப்பது யார்? நான் பெயர் சொல்லவில்லை. இப்போது ஒரு தடவை அண்ணாந்து பார்த்தீர்கள் அல்லவா, அது போதும். இன்னும் சந்தேகம் இருந்தால் அந்தக் கடைக்குப் போய், மரப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பீமாராவுக்குக் கீழே, என் தம்பி பதினொரு வருடத்தில் முதன்முறையாக எழுதியது இருக்கும்: 'வேலை முடிந்தது. அருள்பாண்டி, 5-9-2024.'