நுவானின் ஏழாம் நாள்

"நுவான் யாரு?"

சவாட் வாய் கொப்பளிப்பதற்காக வாய் நிறையத் தண்ணீர் வைத்திருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் பாதி உள்ளே போயிற்று, மீதி சட்டையில் கொட்டியது. துடைத்துக்கொள்ள ஆணியில் துண்டைத் தேடினார். வழக்கமாகத் தொங்கும் நீலக்கட்டம் போட்ட துண்டு அங்கே இல்லை. ஒரு வாரமாகவே அதைக் காணோம்.

"உங்களைத்தானே கேக்கறேன். நுவான் யாரு?"

அவர் மனைவி லம்யாய் துணி துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு கையில் அவருடைய வெள்ளைச் சட்டை. இன்னொரு கையில், அந்தச் சட்டைப் பையிலிருந்து எடுத்த மஞ்சள் சீட்டு. கோயிலில் இறந்தவர்களுக்குப் புண்ணியச் சடங்கு செய்யக் கொடுக்கிற சீட்டு அது. காலமானவர் பெயர்: நுவான். உறவு: மிகவும் நெருங்கியவர். அழைக்கும் பிக்குச் சாமி: ஒருவர்.

இது என் கையெழுத்தே இல்லை என்று சாதிக்கவும் வழியில்லை. முப்பத்து நாலு வருஷம் நொந்தபுரி தபால் ஆபீஸில் ஊரார் கிறுக்கலையெல்லாம் படித்துப் படித்துச் சலித்துப்போனவர், தன் எழுத்தை மட்டும் முத்து முத்தாக வைத்திருந்தார்.

நுவான் ஒரு நாய். அதைச் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர்கள் வளர்த்த நாய் செத்தபோது லம்யாய் மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் தட்டைக் கால்வாயில் வீசிவிட்டு, "இனிமே இந்த வீட்டுல நாய்ங்கற பேச்சே எடுக்கக்கூடாது. இன்னொரு தடவை அழறதுக்கு என்கிட்ட தெம்பு இல்லை" என்றாள். சவாட்டும் புத்தர் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணினார்.

சத்தியத்தை மீறவும் இல்லை. வீட்டுக்குள் நாய் வரவில்லை. அவர்தான் வெளியே போனார். நாலு வருஷமாக, விடிந்ததும் "ஒரு நடை போயிட்டு வரேன்" என்று கிளம்பி, கால்வாய்க்கரைக் கோயிலில் யாரோ கொண்டுவந்து விட்டுப்போன ஒரு நாய்க்குச் சுட்ட கோழி ஈரல் ஊட்டிவிட்டு வருவார். பாலாடை நிறம், ஒரு காது பாதி, பின்னங்கால் ஒன்று நொண்டல். நுவான் என்று கோயில் சன்னியாசினி புவா அம்மா வைத்த பெயர். லம்யாய் தினமும் சாயங்காலம் பிரார்த்தனைக்கென்று அதே கோயிலுக்குத்தான் போவாள். அதனால்தான் சவாட் காலை நேரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆள் கெட்டிக்காரர்.

போன வெள்ளிக்கிழமை காலை நுவான் கோயில் வாசலுக்கு வரவில்லை. "நேத்து சாயங்காலம் போயிடுச்சு ஐயா. தூக்கத்துலயே. நல்லாத் துணி சுத்திப் பலா மரத்தடியில புதைச்சாச்சு" என்றார் புவா அம்மா. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, கேட்காததைச் சொல்வதில்லை என்று விரதம் இருப்பவர். சவாட் ஈரல் பொட்டலத்தோடு அரைமணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார். அன்றைக்கு ஆரம்பித்த தூசி ஆறு நாளாக விழுந்துகொண்டே இருந்தது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஏழாம் நாள் சாமிகளுக்கு அன்னமிட்டு, அந்தப் புண்ணியம் நுவானுக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த பிறவியிலாவது அதற்கு நாலு காலும் சரியாக இருக்கட்டும்.

"நுவானா? அது... எங்க ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவ."

"எந்த செக்‌ஷன்?"

"பார்சல்."

"எனக்குத் தெரியாம பார்சல்ல ஒரு நுவானா?"

"அமைதியான டைப். ரொம்பப் பேச மாட்டா."

அதில் பொய் எதுவும் இல்லை.

"மிகவும் நெருங்கியவர்னு எழுதியிருக்கே?"

"பக்கத்துல உக்காருவா. நெருங்கி உக்காருவா."

சொன்ன பிறகுதான் அதன் அழகு அவருக்கே உறைத்தது. லம்யாய் சட்டையைத் தொட்டிக்குள் அமுக்கினாள். கொஞ்சம் பலமாகவே அமுக்கினாள்.

"புருஷன், பிள்ளை?"

"யாரும் இல்லை. அனாதை. யாரோ கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்க."

"ஆபீஸ்லயா?"

"ஊர்ல."

லம்யாய் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "அடப் பாவமே! யாருமில்லாத பொம்பளைக்கு நீங்க திருட்டுத்தனமா ஒரே ஒரு சாமியை வச்சுச் செய்யறதா? நாமதான் முறையாச் செய்யணும். அஞ்சு சாமியைக் கூப்பிடுவோம்."

"அதெல்லாம் வேண்டாம் லம்யாய். அவ ரொம்ப எளிமையானவ."

"செத்தவளுக்கு என்னங்க எளிமை? அவளுக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்க. அதைத்தானே படைக்கணும்."

நுவானுக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டும் என்று சவாட்டுக்கும் உள்ளுக்குள் ஆசை. அதனால் வாய் தானாகத் திறந்துகொண்டது. "சுட்ட கோழி ஈரல். காரம் ஆகாது. உப்பும் போடக்கூடாது."

"வேற?"

"முட்டை மஞ்சள்கரு. அப்புறம் எலும்புன்னா உசிரு."

"எலும்பா?"

"நல்ல பல்லு அவளுக்கு."

"என்ன வயசு?"

"பன்னெண்டு..." என்று ஆரம்பித்துவிட்டு அவர் இருமினார். "பன்னெண்டு வருஷம் சர்வீஸ்."

"எதுல போயிட்டா?"

"உடம்பு பெருத்துப்போச்சு. டாக்டர் திட்டினார். ஒரு வேளை சாப்பிடற உடம்பு மாதிரி தெரியலையே, வேற யார் போடறாங்கன்னு கேட்டார். நான் ஒரு வேளைதான்..." அங்கே சவாட் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க ஒரு வேளை?"

"நான் ஒரு வேளைதான் அவகூடச் சாப்பிடுவேன். ஆபீஸ்ல."

லம்யாய் சட்டென்று திரும்பி, கொடியில் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்த துணியை மறுபடி உதறிக் காயப்போட்டாள். அவள் தோள் இரண்டு முறை குலுங்கியது. அழுகிறாள் என்று சவாட் நினைத்தார்.

மத்தியானத்துக்குள் அடுத்த குண்டு விழுந்தது. சாமிகளுக்கு முன்னால் வைக்கப் படம் வேண்டுமாம்.

"அவ படமே எடுத்துக்க மாட்டா."

"பன்னெண்டு வருஷம் சர்வீஸ் பண்ணவ குரூப் போட்டோவுலகூடவா இல்லை?" என்று லம்யாய் சுவரில் மாட்டியிருந்த தபால் ஆபீஸ் படத்தைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள். அறுபது தலை. "இதுல எது?"

சவாட்டின் விரல் மூன்று வரிசை அலைந்தது. கடைசி வரிசை ஓரத்தில் ஒருத்தியின் முகம், முன்னால் நின்றவர் தோளில் பாதி மறைந்து மங்கலாக இருந்தது. யாரென்று அவருக்கே தெரியவில்லை. "இதான்" என்று அங்கே விரலை வைத்தார்.

சாயங்காலம் அந்தப் பாதி முகம் பெரிதாகி, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் வீட்டுக்கு வந்தது. லம்யாய் அதைத் துடைத்து வைத்துவிட்டு அவர் போனை எடுத்தாள். ஓய்வு பெற்ற தபால்காரர்களின் போன் குழுவில் செய்தி போட்டாள்: நம் பார்சல் செக்‌ஷன் நுவான் காலமானார். நாளை காலை ஏழாம் நாள் புண்ணியம். அனைவரும் வரவும். சாப்பாடு உண்டு.

சவாட் வருகிற பதில்களைப் படித்தார். முதலில் நாலு பேர் "எந்த நுவான்?" என்று கேட்டார்கள். ஐந்தாவது ஆள், மறந்துவிட்டோம் என்று ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, "ஐயோ நுவானா, தங்கமான பொண்ணாச்சே" என்று போட்டார். அவ்வளவுதான். ராத்திரி சாப்பாட்டுக்குள் நாற்பது பேருக்கு நுவானை நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. பிரீச்சா என்கிற கிழவர், "ஒரு மழை நாள்ல என் குடையை வாங்கிட்டுப் போனா. திருப்பித் தரவே இல்லை. சரி, போகட்டும்" என்று எழுதியிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் ஐந்து சாமிகள். தாமரைப் பூக்களுக்கு நடுவே பாதி முகம். அதற்கு முன்னால் காரமில்லாத ஈரல், மஞ்சள்கரு, ஒரு தட்டு நிறைய எலும்பு. வந்தவர்கள் எலும்பைப் பார்த்தார்கள். செத்தவளுக்குப் பிடித்தது, நாம் என்ன சொல்வது என்று பேசாமல் உட்கார்ந்தார்கள்.

சாமிகள் சாப்பிட்டு முடித்ததும், சவாட் ஒரு செம்பிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, இன்னாருக்கு இந்தப் புண்ணியம் என்று அனுப்ப வேண்டும். முகவரி தப்பான கடிதங்களின் கதி அவருக்குத் தெரிந்த மாதிரி அங்கே யாருக்கும் தெரியாது. முப்பத்து நாலு வருஷம் அவற்றைப் பின்னறையில் மூட்டை கட்டிப் போட்டவர் அவர். பார்சல் செக்‌ஷன் நுவான் என்று அனுப்பினால் இந்தப் புண்ணியம் எந்த மூட்டையில் போய்க் கிடக்குமோ! நுவான் பாதிக் காதைத் தூக்கிக்கொண்டு அங்கே காத்துக்கொண்டு நிற்குமே!

செம்பை அவர் கையில் எடுத்தபோது, வாசலில் வேன் வந்து நின்றது. சொன்புரியிலிருந்து வந்த சுபாப் என்கிற அம்மாள், பூமாலையும் கையுமாக அவசரமாக உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள். மாலை கையிலிருந்து நழுவியது.

"சவாட் அண்ணே! நான் எப்போ செத்தேன்?"

உயிரோடு இருக்கிறவர் படத்தைச் சாவுச் சடங்கில் வைத்தால் படத்தில் இருப்பவர் கதி அதோகதிதான் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். சுபாப்பின் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். பிரீச்சா மட்டும் எழுந்து, "நுவான்! என் குடை எங்கே?" என்றார்.

"எந்தக் குடை? நான் சுபாப்! என்னை உயிரோட வழியனுப்பறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"சவாட், இந்தப் புண்ணியம் யாருக்குப் போகணும்?" என்று பெரிய சாமி மெதுவாகக் கேட்டார். "தெளிவாச் சொல்லுங்க."

சவாட் லம்யாயைப் பார்த்தார். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் காப்பாற்றிய சத்தியம். இன்னொரு தடவை அழத் தெம்பில்லை என்று சொன்னவள். ஆனால் அங்கே நொண்டிக்கொண்டு நிற்கிறதே ஒன்று!

"சாமி, நுவான் தபால் ஆபீஸ்ல வேலை பார்க்கலை" என்றார். "நம்ம கோயில் வாசல்ல படுத்திருக்குமே, அந்த நுவான்தான். நாய், சாமி. நாலு கால், ஒண்ணு நொண்டி. என் கையிலதான் சாப்பிடும். அதுக்குத்தான் போகணும். வேற யாருக்கும் போயிடக்கூடாது."

சுபாப்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தாள். "நாயா! அப்போ நான் பொழச்சேன்!" என்று தன் படத்தைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டாள். நாற்பது பேரும் சிரித்தார்கள். நுவானை நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று எழுதியவர்கள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள்.

சவாட் சிரிக்கவில்லை. "லம்யாய், மன்னிச்சுடு. வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரலை. உனக்குத் தெரிஞ்சா மறுபடி அழுவியேன்னுதான்..."

"முதல்ல தண்ணியை ஊத்துங்க" என்றாள் லம்யாய். "அது காத்துக்கிட்டு நிக்குது."

அவர் செம்பைச் சாய்த்தார். தண்ணீர் கிண்ணத்துக்கு வெளியே சிதறியது. லம்யாய் நகர்ந்து வந்து, புண்ணியத்தில் பங்கு கொள்கிறவர்கள் செய்வதுபோல அவர் முழங்கையைத் தொட்டுக்கொண்டாள். தண்ணீர் சீராக விழுந்தது. சாமிகள் ஓதினார்கள். கிண்ணத்துத் தண்ணீரைப் பலா மரத்தடியில் ஊற்றும்போது சவாட் வாய்விட்டு அழுதார். இந்தத் தடவை தூசி என்று சொல்லவில்லை.

அழுது முடித்துத் திரும்பினால், லம்யாயின் கன்னமும் நனைந்திருந்தது.

"நீ ஏன் அழறே?"

"தூசி" என்றாள் அவள்.

சவாட் முகத்தைத் துடைக்கப் பழக்கத்தில் தோளைத் தடவினார். தோள் வெறுமையாக இருந்தது. "சே! அந்த நீலக்கட்டம் துண்டு எங்கேதான் போச்சோ?" என்று பொதுவாகக் கேட்டார்.

பக்கத்தில் சருகு பெருக்கிக்கொண்டிருந்த புவா அம்மா விளக்குமாற்றை நிறுத்தினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அவருடைய விரதம் என்ன ஆவது?

"இதோ, இந்த மரத்தடியிலதான் இருக்கு ஐயா. அன்னைக்குச் சாயங்காலம் தன் மடியிலேயே உசிர் போன நாயைச் சுத்திப் புதைக்க, லம்யாய்தான் ஓடிப்போய் வீட்டுக் கொடியிலேர்ந்து எடுத்துட்டு வந்தா."